புக்கிட் தீமா காட்டுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: திருச்சியிலிருந்து என் பெற்றோர் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார்கள். புக்கிட் தீமா மழைக்காட்டுக்கு அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் சேர்த்து ஆளுக்கு 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: கொடுக்காதீர்கள். குடும்பமாக நடந்து பார்க்க வருவோருக்கு அங்கே சீட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை போகலாம். வழிகாட்டுவதற்குக் கூலி கேட்பது ஒருவருடைய தொழில், ஆனால் இலவச நுழைவுக்குச் சீட்டு என்று பெயர் சூட்டி விற்பது ஏமாற்று வேலை. காட்டில் விதியை மீறினால் எவ்வளவு அபராதம் என்பது நாம் தேடாமலே காதில் விழுகிறது. எந்தப் பாதை இன்று மூடியிருக்கிறது என்பதைத்தான் இணையத்தில் துழாவ வேண்டியிருக்கிறது. முகவர்கள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

தொங்குபாலத்தையும் காட்டுகிறேன் என்று அவர் சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள். 250 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்தின் பக்கத்துக் காட்டில் இருக்கிறது; அதுவும் இலவசம். திங்கட்கிழமைகளில் அது மூடப்படும், ஆனால் அந்தத் திங்கள் பொது விடுமுறையாக இருந்தால் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தீபாவளி வந்து மறுநாள் விடுமுறையானால், அந்தத் திங்களும் இந்த விதிவிலக்கில் சேரும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எப்படியும் நீர்த்தேக்கத்திலிருந்து பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருப்பதால் உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம்.

புக்கிட் தீமாவின் உச்சி 163 மீட்டர்தான் என்றாலும், தார்ச்சாலை தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுகிறது. அப்பா ஏறட்டும், அம்மாவை அடிவாரத்து வருகையாளர் நிலையத்துக்கும், பக்கத்திலுள்ள ஹிந்தீட் பூங்காவில் பழைய கல்குவாரிக் குளத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். விலங்குகள் வரிசையாக வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இது விலங்குக் காட்சிசாலை அல்ல. 1883 முதல் காப்புக்காடாக இருக்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை மரங்களே: வெகுதூரம் கிளையே விடாமல் நேராக எழும் சிராயா மரங்கள், மழைநீர் சட்டென வழிந்தோடுவதற்கேற்ப ஊசிபோல் நீண்ட நுனி கொண்ட இலைகள்.

தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள்; பையைக் கண்டாலே உணவு என்று பழகிவிட்ட குரங்குகள் பிடுங்க வரும். இரக்கப்பட்டு அவற்றுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.