கொசு என்னை மட்டும் ஏன் தேடி வருகிறது?

கேள்வி: மாலையில் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியவில்லை, கொசு பிடுங்குகிறது. கூட இருப்பவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் ரத்தம் மட்டும் என்ன இனிப்பா? கிரீம் தடவியும் பயனில்லை.

பதில்: இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடிப்பது பெண் கொசு மட்டும்தான், முட்டை வளர அதற்கு ரத்தத்திலுள்ள புரதம் வேண்டும். நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவை மோப்பம் பிடித்துத் தூரத்திலிருந்தே வருகிறது, கிட்டே வந்ததும் உடல் சூடு, வியர்வை வாடை, அடர் நிற உடை என்று எல்லாம் சேர்ந்து இழுக்கிறது. தோல் வாடை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் சிலருக்குக் கடி கூடுதலாக விழுவது உண்மைதான், உங்கள் பிரமை இல்லை.

சரி, கிரீம். டப்பாவில் 'மூலிகை', 'இயற்கை' என்று கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். டீட் 20 முதல் 30 சதவீதம், இல்லையென்றால் பிகாரிடின் 20 சதவீதம் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். டீட் 50 சதவீதத்துக்கு மேல் போனாலும் பெரிய லாபமில்லை. பலரும் கையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு கணுக்காலையும் பின்கழுத்தையும் மறந்துவிடுகிறார்கள், கொசு அங்கேதான் போய் உட்காரும். சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், காய்ந்த பிறகு இது. டீட் சில வகை பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், மூக்குக்கண்ணாடியைத் தொடுமுன் கையைக் கழுவுங்கள். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், வலை போதும்.

ஒரே இடத்தில் உட்காருவதென்றால் என் ஓட்டு மின்விசிறிக்கு. பறப்பதில் கொசு சோப்ளாங்கி, காற்றில் திணறிவிடும், நம் மூச்சு வாடையும் கலைந்துபோகும். நீல விளக்குக் கருவி 'பட் பட்' என்று பொரிப்பதைக் கேட்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் சாவது பெரும்பாலும் நம்மைக் கடிக்காத அப்பாவிப் பூச்சிகள். காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டுகிறோம் என்று விற்பவை காசுக்குப் பிடித்த கேடு.

கேள்வி: காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்தேன், காலில் உண்ணி. தீக்குச்சியால் சுட்டால் விழுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், எண்ணெயும் ஊற்றாதீர்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக் கடியைச் சொல்ல மறக்காதீர்கள். அப்புறம், அடுத்த முறை பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு நடங்கள், பார்க்க நன்றாக இருக்காதுதான்.