மாருதி 800: புது பேட்டரி போட்டும் 'டக்' சத்தம் மட்டும்
சார், பேட்டரி புதுசு, ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிகிறது, சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்' என்கிறீர்கள். உடனே செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டாம். பழைய வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் எர்த் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் ஒயர்) மேல்தான். லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃபுக்கு நூறுக்கு மேல் வேண்டும், துருப்பிடித்த இணைப்பு அங்கேதான் கைவிடும்.

நியூட்ரல், ஹேண்ட்பிரேக். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலேயே (கிளாம்பில் அல்ல) தொட்டு, மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் அழுத்துங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர்தான் குற்றவாளி. கழற்றி, இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். அது சரியாக இருந்தால், பாசிட்டிவ் கம்பத்திலிருந்து சோலனாய்டில் (செல்ஃப் மோட்டார் மேல் உள்ள மின்காந்த சுவிட்ச்) பேட்டரி ஒயர் வந்து சேரும் தடித்த போல்ட் வரை இதே சோதனை; 0.5 தாண்டக்கூடாது. இரண்டும் சரி, திருப்பும்போது பேட்டரியும் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் மட்டும் சோலனாய்டு காண்டாக்ட், கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) பக்கம் போங்கள்.