பூல்ல யாரு பெரிய ஆட்டக்காரர்னு எதை வச்சு சொல்றது? வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல பூல் ஆட்டம் (க்யூ குச்சியால அடிச்சு டேபிள் ஓரத்துப் பாக்கெட்ல பந்தைப் போடுற ஆட்டம்) பத்தி ரெண்டு பக்கம் வந்துச்சு, அதுல இருந்து கேள்வியா வந்து குவியுது. பாதிக்கு மேல "இவர் பெரியவரா அவர் பெரியவரா"ன்னு தான் இருக்கு. அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே வச்சாச்சு.

கே: 2024ல ஃபெடோர் கோர்ஸ்ட் உலக சாம்பியன், 2025ல கார்லோ பியாடோ. அப்போ ஒரே வருஷத்துல பியாடோ அவரைத் தாண்டிட்டாரா சார்? (ஈரோடு வாசகர்)

ப: அப்படி எடுத்துக்கக் கூடாதுங்க. ஸ்கோரை மட்டும் பாருங்க போதும். 2024ல ஜெட்டாவுல கோர்ஸ்ட் அல்பேனியாவோட எக்லென்ட் கச்சியை 15-14ல ஜெயிச்சார், ஒரே ஒரு ரேக் (பந்துகளை அடுக்கி வச்சு ஆடுற ஒரு தனி ஆட்டம்) வித்தியாசம், அந்த ரேக்ல பந்து கொஞ்சம் வேற மாதிரி சிதறியிருந்தா கோப்பையும் இரண்டரை லட்சம் டாலரும் கச்சி கைக்குப் போயிருக்கும். அடுத்த வருஷம் அதே ஜெட்டா, ஃபைனல்ல மறுபடி கோர்ஸ்ட், இந்த தடவை பிலிப்பைன்ஸ்காரர் பியாடோ 15-13ல ஜெயிச்சுட்டார். பியாடோ ஒண்ணும் திடீர்னு வந்தவர் இல்ல, 2017லயே உலக சாம்பியன், 2021ல யுஎஸ் ஓப்பனும் அவர்தான். கோர்ஸ்டும் 2019ல 19 வயசுலயே உலக பட்டம் வாங்கினவர். என்னைக் கேட்டா ரெண்டு பேருமே உச்சத்துல இருக்கிறவங்க, யாரு ஒசத்தின்னு அந்த ஒரு ராத்திரி ஆட்டத்தை வச்சு சொல்ல முடியாது.

பட்டம் இல்லைன்னா ஆளு பெரிய ஆள் இல்லைன்னும் நினைச்சுடாதீங்க. அமெரிக்காவோட ஷேன் வான் போனிங் 2007ல இருந்து 2016க்குள்ள அஞ்சு தடவை யுஎஸ் ஓப்பன் ஜெயிச்சுட்டார், ஆனா நைன்-பால் உலக பட்டம் 2022 வரைக்கும் கைக்கு வரவே இல்ல, வரும்போது அவருக்கு 38 வயசு. அதுக்கு முன்னாடி அவரை உலகத்தரம் இல்லைன்னு சொல்ல யாருக்காவது வாய் வந்திருக்குமா? பொறந்ததுல இருந்தே காது சரியா கேக்காது அவருக்கு, அந்த மனுஷன் பிரேக் ஷாட்டுக்காக (அடுக்கின பந்துகளை சிதறடிக்கிற முதல் அடி) உழைச்ச உழைப்பை நினைச்சாலே எனக்கு மரியாதை வருது.

கே: அப்போ எதை வச்சுதான் சொல்றது? (அதே வாசகரோட அடுத்த கேள்வி, நாமக்கல்ல இருந்தும் இதே கேட்டிருக்காங்க)

ப: நீளமான ஆட்டத்தை வச்சு. என் கருத்து இதுதான், இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: நைன்-பால்ல டேபிள்ல இருக்கிற குறைஞ்ச நம்பர் பந்தைத்தான் முதல்ல அடிக்கணும், முறைப்படி 9ஐ உள்ள போட்டவருக்கு அந்த ரேக். "ரேஸ் டு 9"னா முதல்ல 9 ரேக் எடுக்கிறவர் ஜெயிச்சார். டோர்னமென்ட்ல முதல் சுத்தெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன ரேஸ்தான், ஏன்னா நூத்துக்கும் மேல ஆட்கள், நாலஞ்சு நாள்ல முடிக்கணும்.

இப்போ ரெண்டு பேர் ஆடுறாங்க, ஒருத்தர் இன்னொருத்தரை விட இத்துனூண்டு நல்லவர், அதாவது நூறு ரேக் ஆடினா 53, 54 ரேக் இவர் எடுப்பார்னு வைங்க. ரேஸ் டு 9ல இவர் ஜெயிக்கிற வாய்ப்பு எவ்வளவு? கணக்கு போட்டா நூத்துக்கு 60 பக்கம்தான் வருது, அப்போ பத்து மேட்ச்ல நாலு மேட்ச் கொஞ்சம் கம்மியான ஆளே ஜெயிச்சுடுவார். அதே ரெண்டு பேரை ரேஸ் டு 120 ஆட விடுங்க, நல்லவர் ஜெயிக்கிற வாய்ப்பு 85 பக்கம் போயிடும். அதிர்ஷ்டம் ரெண்டு பேருக்கும் மாறி மாறி வந்து ஒண்ணை ஒண்ணு சரிபண்ணிடும், கடைசியில மிஞ்சுறது திறமை மட்டும்.

120ன்னு சும்மா சொல்லல. 1996ல ஹாங்காங்ல நிஜமாவே ஒரு மேட்ச் அப்படி நடந்துச்சு. பிலிப்பைன்ஸோட எஃப்ரென் ரேயஸ், அமெரிக்காவோட ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட், மூணு நாள், ரேஸ் டு 120, ஜெயிச்சவருக்கு ஒரு லட்சம் டாலர், தோத்தவருக்கு ஒண்ணும் கிடையாது. ஏர்ல் ஒரு கட்டத்துல நல்லாவே முன்னாடி போயிட்டார், எஃப்ரென் ஒவ்வொரு ரேக்கா எட்டிப் புடிச்சு வந்து கடைசியில 120-117. மொத்தம் 237 ரேக் ஆடியும் வித்தியாசம் வெறும் மூணு! அந்த காலத்துல இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நூல் கூட நுழையாதுன்னு அதை விட தெளிவா எந்த கோப்பையும் சொல்லியிருக்க முடியாது. மூணு நாள் அசதி, பணம் முழுக்க ஒரே பக்கம், அதுல பின்தங்கி இருந்துட்டு திரும்பி வர்ற மனசு இருக்கே, அதையும் சின்ன ரேஸ்ல பாக்கவே முடியாது.

இப்பவும் பெரிய ஆட்டக்காரங்க பணம் வச்சு ரேஸ் டு 100, 120னு தனியா மோதுறது உண்டு. டோர்னமென்ட் டிராவுல யாரு யாருக்கு எதிரே வருவாங்கன்னு தெரியாது, இதுல நேருக்கு நேர், தப்பிக்க வழியே இல்ல.

கே: ஃபார்கோ ரேட்டிங்னு எல்லாரும் சொல்றாங்களே, அது செஸ் ரேட்டிங் மாதிரியா? அதை நம்பலாமா? (கோயமுத்தூர்)

ப: ஆமா, செஸ்ல உள்ள எலோ மாதிரிதான், அமெரிக்காவுல நார்த் டகோட்டா மாநிலத்து ஃபார்கோ ஊரைச் சேர்ந்த மைக் பேஜ் உருவாக்கினது. அழகே இதுல மேட்ச் ஜெயிச்சியா தோத்தியான்னு பாக்காம ஒவ்வொரு ரேக்கையும் எண்றாங்க. ரெண்டு பேருக்கு நடுவுல 100 புள்ளி வித்தியாசம்னா பெரியவர் ரெண்டு ரேக் எடுக்கிற நேரத்துல சின்னவர் ஒண்ணு எடுப்பார், 200 வித்தியாசம்னா நாலுக்கு ஒண்ணு. உலகத்துல உச்சியில இருக்கிறவங்க 800க்கு மேல, அதுலயும் ரொம்ப சிலர்தான் 840ஐ தொடுறது.

நான் இதை நம்புறேன், ஏன்னா இதுவும் ஒரு வகையில ரொம்ப நீளமான ரேஸ்தானே, ஒருத்தர் வருஷக்கணக்கா ஆடின ஆயிரக்கணக்கான ரேக் அதுக்குள்ள இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க. குறைஞ்சது 200 ரேக்காவது பதிவு ஆகாத ஆளோட நம்பரை நம்பாதீங்க. இன்னொண்ணு, ஒரு நாட்டு ஆட்டக்காரங்க வெளிய போகாம தங்களுக்குள்ளயே ஆடிட்டு இருந்தா அவங்க நம்பர் மத்த உலகத்தோட சரியா ஒட்டாது, வெளி ஆட்களோட நிறைய ஆடினாதான் ஒட்டும். அப்புறம் உச்சியில 5 புள்ளி 6 புள்ளி வித்தியாசத்தை வச்சு சண்டை போடுறதுல அர்த்தமே இல்ல.

கே: எதிராளி எப்படி ஆடினார்ங்கிறதை விட்டுட்டு ஒருத்தரோட ஆட்டத்தை மட்டும் அளக்க முடியாதா? (மதுரை)

ப: முடியும். அக்யூ-ஸ்டாட்ஸ்னு பேட் ஃப்ளெமிங் ஆரம்பிச்ச கம்பெனி ஒரு கணக்கு வச்சிருக்காங்க, பேரு டிபிஏ. போட்ட பந்து எத்தனையோ, அதை போட்ட பந்தும் செஞ்ச தப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால வகுக்கணும். 90 பந்து போட்டு 10 தப்பு பண்ணா .900. பந்தைத் தவற விடுறது மட்டும் தப்பு இல்ல, அடுத்த பந்துக்கு க்யூ பாலை (குச்சியால அடிக்கிற வெள்ளைப் பந்து) சரியான இடத்துல நிறுத்தாம விட்டா அதுவும் தப்பு, சேஃப்டி (எதிராளிக்கு நல்ல அடி கிடைக்காத மாதிரி பந்தை நிறுத்துறது) சரியா வைக்கலைன்னா அதுவும், பிரேக்ல வெள்ளைப் பந்து பாக்கெட்ல விழுந்தா அதுவும். ஒரு மேட்ச்ல .900 தாண்டினா அது உலகத்தர ஆட்டம். இதுல என்ன நல்ல விஷயம்னா தோத்தவர் கூட ஜெயிச்சவரை விட அதிகமா வாங்கியிருப்பார், அப்போ அவர் நல்லா ஆடியும் டேபிள் அவருக்கு கிடைக்கலைன்னு தெரியும்.

கே: மாஸ்கோனியோட 526 ரெக்கார்டுதான் பூல்ல பெருசுன்னு அப்பா சொல்வார். இன்னும் அது நிக்குதா? (திருச்சி)

ப: அப்பா சொன்னது ரொம்ப வருஷம் உண்மையா இருந்துச்சு. வில்லி மாஸ்கோனி 1954ல ஒஹாயோ மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டுல ஸ்ட்ரெய்ட் பூல்ல (நம்பர் வரிசை இல்லாம எந்த பந்தை வேணும்னாலும் போடுற ஆட்டம்) தப்பே பண்ணாம வரிசையா 526 பந்து போட்டார். 2019ல கலிஃபோர்னியாவுல ஜான் ஷ்மிட் 626, 2022ல ஸ்காட்லாந்து ஜேசன் ஷா 714. ஆனா இதை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடும்போது ஒரு விஷயம் பாக்கணும், மாஸ்கோனி ஆடினது எட்டடி டேபிள், ஒரு மேட்சுக்கு நடுவுல, கூட்டத்துக்கு முன்னாடி. ஷ்மிட் ஒன்பதடி டேபிள்ல, ரெக்கார்டை முறியடிக்கணும்னே உக்காந்து வாரக்கணக்கா மறுபடி மறுபடி முயற்சி பண்ணி எடுத்தார். எனக்கு ரெண்டுமே மலைப்புதான், ஆனா ரெண்டும் வேற வேற சோதனை.

கே: எஃப்ரென் ரேயஸ் இன்னைக்கு இளமையா இருந்தா கோர்ஸ்ட், ஷேன் கூட நிப்பாரா? உண்மையைச் சொல்லுங்க. (சென்னை, பெரம்பூர்)

ப: உண்மையைத்தான் சொல்றேன். நைன்-பால் மட்டும், இன்னைக்கு இருக்கிற டேபிள்னா, கோர்ஸ்ட் பக்கம்தான் நான் நிப்பேன். ஏன்னா இப்போ பெரிய போட்டிகள்ல மூலை பாக்கெட் வெறும் 4 அங்குலம், பந்தோட விட்டம் 2¼ அங்குலம், அதாவது ரெண்டு பந்தை பக்கத்துல பக்கத்துல வச்சா பாக்கெட் வாய்க்குள்ள நுழையாது. இந்த டேபிள்லயே வளர்ந்த பசங்களோட பாட்டிங் துல்லியம் வேற லெவல். பிரேக்கும் மாறிடுச்சு, முன்னாடி 1ம் நம்பர் பந்தை ஸ்பாட்ல (டேபிள்ல குறிச்சிருக்கிற புள்ளி) வச்சு ரேக் போட்டா ஓரத்துப் பந்து சுலபமா மூலையில விழும், இப்போ 9ஐ ஸ்பாட்ல வைக்கிறதால அந்த ஓசிப் பந்து கிடையாது, பிரேக்கையே ஒரு தனி பாடமா படிச்சவன்தான் தாக்குப்பிடிக்க முடியும்.

ஆனா பூல்னா நைன்-பால் மட்டுமாங்க? வருஷா வருஷம் அமெரிக்காவுல டெர்பி சிட்டி கிளாசிக்னு நடக்கும், நைன்-பால், பேங்க் பூல், ஒன்-பாக்கெட் மூணும் ஒரே இடத்துல. பேங்க் பூல்ல ஒவ்வொரு பந்தும் குஷன்ல (டேபிளைச் சுத்தி இருக்கிற ரப்பர் ஓரம்) பட்டுத்தான் விழணும், ஒன்-பாக்கெட்ல உங்களுக்குன்னு ஒரே ஒரு பாக்கெட், அதுல 8 பந்து போடணும், எதிராளி தன் பாக்கெட்டுக்கு இழுக்கிறதையும் தடுக்கணும், முழுக்க மூளை ஆட்டம். மூணுலயும் சேர்த்து அதிக புள்ளி எடுக்கிறவருக்கு 'மாஸ்டர் ஆஃப் த டேபிள்'னு பட்டம், எஃப்ரென் அதை திரும்பத் திரும்ப வாங்கினவர். 1994ல யுஎஸ் ஓப்பன் ஜெயிச்ச முதல் வெளிநாட்டுக்காரர், 1999ல கார்டிஃப்ல நைன்-பால் உலக சாம்பியன், 2004ல எட்டு பந்து ஆட்டத்துலயும் உலக சாம்பியன், அப்போ அவருக்கு வயசு அம்பது பக்கம். இந்த அகலம் இன்னைக்கு யார்கிட்டயும் இல்லைன்னு நான் அடிச்சு சொல்வேன்.

அவர் வந்த கதையே தனி. மணிலாவுல மாமாவோட பூல் ஹால்ல வளர்ந்தவர், ராத்திரி டேபிள் மேலயே படுத்துத் தூங்கின பையன். 1985ல அமெரிக்காவுல ஹூஸ்டன் போய் சீசர் மொராலெஸ்னு பொய்ப் பேர்ல டோர்னமென்ட் ஆடி ஜெயிச்சார், எஃப்ரென் ரேயஸ்னு பேர் சொன்னா பணம் வச்சு ஆட ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு. ரேட்டிங், டிவி ஒண்ணும் இல்லாத காலத்துல நல்ல ஆட்டக்காரனை இன்னொரு நல்ல ஆட்டக்காரன்தான் கண்டுபிடிச்சான், அதுவும் தன் பாக்கெட்ல இருந்து பணம் போன பிறகு.

1995ல அமெரிக்காவோட ரீனோ ஊர்ல எஃப்ரென் ஆடின ஃபைனல் வீடியோவை ஒரு தடவை பாருங்க. ஏர்ல் கூட 12-12, கடைசி ரேக், ஏர்ல் 5ம் நம்பர் பந்தை மறைச்சு அருமையா சேஃப்டி வச்சுட்டார். எஃப்ரென் க்யூ பாலை ரெண்டு குஷன்ல மோத விட்டு, இஸட் எழுத்து மாதிரி போய், 5ஐ மூலையில போட்டு, 6க்கும் நல்ல இடம் எடுத்து, மிச்சத்தையும் முடிச்சுட்டார். ஒரு ஷாட்டை வச்சு ஆளை அளக்கக் கூடாதுன்னு தான் இவ்வளவு நேரம் சொல்லிட்டு வர்றேன், இருந்தாலும் 12-12ல அந்த ஷாட்டை யோசிச்சு அடிக்கிற மனுஷனுக்கு நான் எழுந்து நின்னு கைதட்டுவேன்.

கே: மாஸ்கோனி கப்ல ஐரோப்பா ஜெயிச்சா ஐரோப்பிய ஆட்டக்காரங்கதான் பெரியவங்களா? (சேலம்)

ப: இல்ல. அது ஐரோப்பா, அமெரிக்கா ரெண்டு அணி மட்டும் மோதுற போட்டி, அதுல ஒவ்வொரு மேட்சும் ரேஸ் டு 5. கூட்டம் கத்தும்போது கை நடுங்காம ஆடுறாங்களான்னு தெரியும், அவ்வளவுதான். ஆசியாக்காரங்க அதுல கிடையாதுங்கிறதையும் மறந்துடாதீங்க.

கே: ஸ்னூக்கர் ஆடுறவங்க வந்தா பூல்ல ஈசியா ஜெயிச்சுடுவாங்கன்னு எங்க கிளப்ல எல்லாரும் சொல்றாங்க. பெண்கள் ஆட்டம் பத்தியும் எழுதுங்க. (புதுச்சேரி வாசகி)

ப: ரெண்டுக்கும் ஒரே ஆளை வச்சு பதில் சொல்லலாம், அலிசன் ஃபிஷர். இங்கிலாந்துல பெண்கள் ஸ்னூக்கர்ல அசைக்க முடியாத ராணியா இருந்துட்டு 1995ல அமெரிக்கா போய் பூல் ஆடினாங்க, அடுத்த வருஷமே நைன்-பால் உலக சாம்பியன், மொத்தம் நாலு தடவை. ஸ்னூக்கர்ல இருந்து நேரான க்யூவும் பொறுமையும் வந்துச்சு, ஆனா பிரேக், கிக் ஷாட் (க்யூ பாலை முதல்ல குஷன்ல மோத விட்டு அடிக்கிறது), குஷன் சேஃப்டி இதெல்லாம் உக்காந்து புதுசா கத்துக்கிட்டாங்க, அதனாலதான் நிலைச்சாங்க. ஸ்டீவ் டேவிஸ் மாதிரி ஆறு தடவை ஸ்னூக்கர் உலக சாம்பியனே பூல்ல நல்லா ஆடினாரே ஒழிய உலக பட்டம் எடுக்கல. அதனால ஈசின்னு சொல்றவங்களை ஒன்-பாக்கெட் ஒரு ரேஸ் ஆடச் சொல்லுங்க.

கே: நான் காலேஜ் பக்கத்துல உள்ள பார்லர்ல தினமும் ஆடுறேன் அண்ணா, அங்க எல்லாரையும் ஜெயிச்சுடுறேன். பெரிய ஆட்டக்காரங்களோட ஒப்பிட்டா நான் எங்க இருக்கேன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? (திருநெல்வேலி)

ப: தம்பி, கோஸ்ட் கூட ஆடிப் பாரு, அதாவது தப்பே பண்ணாத ஒரு கற்பனை எதிராளி. நீயே பிரேக் பண்ணு, பண்ணதும் க்யூ பாலை கையில எடுத்து உனக்குப் புடிச்ச இடத்துல வச்சுக்கோ, அங்க இருந்து 1ல ஆரம்பிச்சு 9 வரைக்கும் வரிசையா போட்டு முடி. முடிச்சா ரேக் உனக்கு, நடுவுல ஒரே ஒரு பந்து விட்டாலும் ரேக் கோஸ்டுக்கு. இப்படி ரேஸ் டு 9 ஆடு. உலகத்தர ஆட்டக்காரங்க ஒன்பதடி டேபிள்ல கோஸ்டை சர்வ சாதாரணமா ஜெயிப்பாங்க, 10 பந்து வச்சும் ஜெயிப்பாங்க. ஆரம்பத்துல 9 பந்து வேண்டாம், 3 பந்து வச்சு ஆடு, ஜெயிச்சா 4, அப்புறம் 5. ஒவ்வொரு தடவையும் ஸ்கோரை நோட்டுல எழுதி வை, ஒரு நாள் ஸ்கோரைப் பாத்து சந்தோஷமும் படாத வருத்தமும் படாத, ரெண்டு மூணு மாசத்து ஸ்கோரை சேர்த்து வச்சுப் பாரு. எத்தனை பந்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்னு எழுதி அனுப்பு, அடுத்த இதழ்ல அங்க இருந்து மேல போறதுக்கு என்ன பயிற்சி பண்ணலாம்னு பாப்போம்.