விறகடுப்பின் நியாயம்: வாசகர் கேள்வி பதில்

விறகடுப்பில் பீட்சா சுட்டுத் தரும் சிறிய உணவகங்களைப் பற்றி வந்திருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அருகே விறகடுப்பு பீட்சா உணவகம் ஒன்று இருக்கிறது. ஒன்றோடொன்று பொருந்தாத நாற்காலிகள், சுவர் முழுக்க ஓடாத கடிகாரங்கள், கரும்பலகையில் எழுதிய ஆறே வகைகள் என்று பார்க்கவே விசித்திரமான இடம். ஆனால் பாதி ஒரு வகை, பாதி இன்னொரு வகை என்று கேட்டால் மறுக்கிறார்கள். கூடுதலாகச் சீஸ் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். ஐந்து பேர் போனால் ஐந்து பீட்சாவும் ஒன்றாக வருவதில்லை. சில நாள்களில் நேரத்தோடு ‘மாவு தீர்ந்துவிட்டது’ என்று கதவை அடைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளரை மதிக்காத போக்கு என்று இதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நாற்காலியும் கடிகாரமும் உரிமையாளரின் ரசனை. நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் நான்கு விஷயங்களோ பெரும்பாலும் அடுப்பும் மாவும் இடும் கட்டளை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், அந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது உங்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் என்றே நம்புகிறேன்.

முதலில் மாவைப் பார்ப்போம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர முறைப்படி செய்யும் பீட்சா மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஈஸ்டை மிகக் குறைவாகச் சேர்த்து, 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரையிலும், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் அதற்கு மேலும், பொறுமையாகப் புளிக்க விடுகிறார்கள். இன்றிரவு உங்கள் தட்டுக்கு வரும் பீட்சாவின் மாவு நேற்றிரவோ இன்று காலையிலோ பிசைந்து, எடை போட்டு, உருண்டை பிடித்து வைத்தது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாகிவிட்டது என்பதற்காக அவசர அவசரமாகப் பிசைந்து ஈடுகட்டினால், கிடைப்பது மணமில்லாத, மென்று மென்று தாடை வலிக்கிற ரொட்டிதான். எனவே மாவு தீர்ந்ததும் கதவை அடைக்கிற கடைக்காரர் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து உங்கள் நாக்கைக் காப்பாற்றுகிறார் என்றுதான் நான் சொல்வேன்.

கூடுதல் சீஸ் விஷயத்தில் நீரின் கணக்கு இருக்கிறது. இத்தகைய உணவகங்கள் பயன்படுத்தும் மொசரெல்லா என்ற புதிய, மென்மையான சீஸில் பாதிக்கு மேல் நீர்தான். பீட்சா அடுப்பில் இருப்பதே ஒன்றரை நிமிடம் என்னும்போது, இரண்டு பங்கு சீஸிலிருந்து வழியும் நீர் வற்றுவதற்கு நேரமில்லை. அது நடுவில் குளம் கட்டி, கீழே உள்ள மாவை வேகவிடாமல் செய்துவிடும். பாதி பாதியாகக் கேட்பதிலும் இதே சிக்கல்தான். காளான் பரப்பிய பக்கமும் வெறும் தக்காளி பரப்பிய பக்கமும் ஒரே நொடியில் பதத்துக்கு வருவதில்லை.

ஐந்தும் ஒன்றாக வராததற்குக் காரணம் அடுப்பின் தளம். நடுத்தர அளவுள்ள அடுப்பில், விறகு எரியும் இடம் போக, இரண்டு மூன்று பீட்சாக்களுக்குத்தான் இடம் இருக்கும். ஒவ்வொரு பீட்சாவும் தான் கிடந்த இடத்தின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு வெளியே வருவதால், தளம் மீண்டும் சூடேறச் சிறிது நேரம் விட வேண்டும். ஐந்தையும் சேர்த்துத் தர வேண்டுமானால் முதலில் வெந்ததை ஆறவைத்துத்தான் தர முடியும்.

அதற்காக அடுப்பின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட முடியாது. வரிசையில் அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு மாவு தீர்ந்த செய்தியைச் சொல்வதும், காரணம் கேட்டவரிடம் எரிந்து விழுவதும் அடுப்பு கேட்கும் காரியங்களல்ல. நல்ல உணவகம், இன்னும் எத்தனை உருண்டைகள் மிச்சம் இருக்கின்றன என்பதைத் தொலைபேசியில் கேட்டாலே சொல்லிவிடும். கரும்பலகையில் எழுதி வைக்கும் கடைகளும் உண்டு.

கேள்வி: ஒன்றரை நிமிடத்தில் பீட்சா எப்படி வேகும்? வீட்டு அவனில் கால் மணி நேரம் ஆகிறதே! விறகின் புகைதான் அந்தச் சுவைக்குக் காரணம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வீட்டு அவன் அதிகபட்சம் 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். 1984-இல் நேப்பிள்ஸ் நகரில் தொடங்கப்பட்ட அசல் நேப்பிள்ஸ் பீட்சா சங்கம் வகுத்துள்ள விதிகளின்படி, அடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 430 முதல் 480 டிகிரி வரை இருக்க வேண்டும். சுடும் நேரம் 60 முதல் 90 நொடிகள். அந்த வெப்பம் மூன்று வழிகளில் பீட்சாவை வந்தடைகிறது. சூடேறிய செங்கல் தளம் அடிப்பக்கத்தை நேரடியாகச் சுடுகிறது; கவிந்த கூரையும் தழலும் மேற்பக்கத்தின்மீது வெப்பத்தை வீசுகின்றன; அடுப்புக்குள் சுழலும் காற்று ஓரங்களை உலர்த்துகிறது. கூரை தாழ்ந்து கவிந்திருப்பதால், ஒரு பக்கத்தில் எரியும் தழல் அதைத் தடவியபடியே மறுபக்கம் வரை படர்ந்து செல்லும். மேலும் கீழும் ஒரே நேரத்தில் வெந்துவிடுவதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. ஓரம் வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சு போலவும் இருப்பது இதனால்தான்.

புகைக்கு இதில் பங்கு மிகக் குறைவு. நன்கு காய்ந்த விறகு சுடர்விட்டு எரியும்போது புகையே அதிகம் வராது. வருவதும் கூரையை ஒட்டிச் சென்று, வாய்ப்பக்கத்துப் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். ஒன்றரை நிமிடத்தில் அது மாவுக்குள் இறங்குவது கடினம். நாம் புகைவாசம் என்று நினைப்பதில் பெரும்பங்கு, கடும் வெப்பத்தில் மாவின் சர்க்கரையும் புரதமும் வினைபுரிவதால் பிறக்கும் மணமும், ஆங்காங்கே கருகிய புள்ளிகளின் மெல்லிய கசப்பும்தான். இந்த வெப்பத்தை எட்டக்கூடிய எரிவாயு அடுப்புகள் சிலவற்றுக்கும் மின் அடுப்புகள் சிலவற்றுக்கும் மேலே சொன்ன சங்கமே ஒப்புதல் அளித்திருக்கிறது. ஆக, விறகு என்ற பெயர்ப் பலகையை மட்டும் நம்பிச் செல்ல வேண்டாம்.

பலகையைவிட அடுப்பின் கூரையை நம்பலாம். அடுப்பை மூட்டியதும் கூரையில் கரி படிந்து கறுத்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் எரிந்து வெப்பம் போதிய அளவுக்கு ஏறிய பிறகு, அந்தக் கரியே எரிந்துபோய்ச் செங்கல் வெளுத்துத் தெரியும். கூரை கறுத்திருக்கும்போதே பீட்சாவை உள்ளே தள்ளுகிறார்கள் என்றால், அன்று உங்களுக்குக் கிடைப்பது காய்ந்த பீட்சாவாகத்தான் இருக்கும்.

அடுப்புக்கு எதிரே இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மாவு உருண்டையை நடுவிலிருந்து விரல் நுனிகளால் ஓரம் நோக்கி அழுத்தும்போது, உள்ளே இருக்கும் காற்று விளிம்புக்கு ஒதுங்குகிறது. குழவி கொண்டு தேய்க்காததற்கு இதுவே காரணம். தேய்த்தால் அந்தக் காற்று முழுவதும் போய்விடும். அடுப்புக்குள் சென்ற சில நொடிகளில் விளிம்பு மட்டும் புடைத்து எழும். நீண்ட காம்புள்ள சிறிய வட்டத் தகட்டை அடியில் செருகி, ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்து, கால் சுற்றுத் திருப்பி, தூக்கிய அதே இடத்தில் மீண்டும் வைக்கிறார் சமையல்காரர். இடம் மாற்றி வைத்தால், சூடு குறையாத புதிய செங்கல்லில் பட்டு அடிப்பக்கம் கருகிவிடும். கடைசி ஓரிரு நொடிகள் பீட்சாவைக் கூரைக்கு அருகே உயர்த்திப் பிடிப்பவர்களும் உண்டு. நேப்பிள்ஸ் பீட்சா கலைஞர்களின் இந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2017-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

கேள்வி: விளிம்பில் கரும்புள்ளிகளோடு வருகிறது. கருகியது என்று திருப்பி அனுப்பலாமா? உடலுக்குக் கெடுதல் இல்லையா?

பதில்: விளிம்பை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒரு துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே சிறுத்தையின் தோலைப் போலப் புள்ளிகள் சிதறியிருந்து, அவற்றுக்கு இடையே பொன்னிறம் தெரிந்தால், மாவு நன்றாகப் புளித்து நுண்ணிய கொப்புளங்கள் எழும்பியிருக்கிறது என்று பொருள். அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சீராகக் கறுத்து, தொட்டால் கரித்தூள் ஒட்டினால் அது கருகல்தான். தளத்தில் சிதறிய மாவைத் துடைக்காமல் விட்டாலும் இந்தக் கசப்பு வரும். அத்தகைய பீட்சாவைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

மாவுப் பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் சுடும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது. கறுக்கக் கறுக்க அது கூடும். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று. எப்போதாவது சாப்பிடும் பீட்சாவின் சில புள்ளிகளுக்காக அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. நன்றாகக் கறுத்த இடத்தைக் கிள்ளி ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவது நல்லது. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கட்டாயம் அப்படிச் செய்யுங்கள்.

கேள்வி: நடுப்பகுதி தளதளவென்று இருப்பதால் துண்டைத் தூக்கினால் மேலே உள்ளதெல்லாம் சரிந்துவிடுகிறது. எப்படித்தான் சாப்பிடுவது?

பதில்: இவ்வகைப் பீட்சாவின் நடுப்பகுதி கால் சென்டிமீட்டர் தடிமன்தான் இருக்கும், அது மென்மையாக இருப்பது குறையல்ல. இத்தாலியில் முழுப் பீட்சாவை வெட்டாமலேயே தட்டில் வைத்துவிடுவார்கள். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு நடுவிலிருந்து சாப்பிட்டு, விளிம்பைக் கடைசியில் கையால் எடுத்துக்கொள்வது அங்கே இயல்பு. நேப்பிள்ஸ் தெருக்களில் சிறிய பீட்சாவை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுகிறார்கள். கையால் சாப்பிட விரும்பினால், துண்டின் கூர்முனையை உள்நோக்கி மடித்துவிட்டுத் தூக்குங்கள், எதுவும் சரியாது.

கேள்வி: முதல்முறை செல்லும் குடும்பத்தினர் எதை வாங்க வேண்டும்?

பதில்: மார்கரீட்டாவை வாங்குங்கள். தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவை மட்டுமே இருப்பதால் மாவின் குறையை மறைக்க அதில் வழியில்லை. சீஸ் வேண்டாதவர்களுக்குத் தக்காளியும் பூண்டும் ஓரிகானோவும் சேர்ந்த மரினாரா இருக்கிறது. அது மார்கரீட்டாவைவிடப் பழைய வகை; நல்ல தக்காளி கிடைக்கும் கடையில் எனக்கு அதுவே முதல் விருப்பம். ஆளுக்கு ஒன்று என்று ஒரே மூச்சில் சொல்லிவிடாமல், முதலில் இரண்டைச் சொல்லி, வந்ததும் எல்லோரும் பகிர்ந்துகொண்டு, அதை முடிக்கும் தறுவாயில் அடுத்த இரண்டைச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டும் சூடாகக் கிடைக்கும். ஐந்தும் சேர்ந்து வரவில்லை என்ற முதல் வாசகரின் வருத்தத்துக்கும் இடமிருக்காது.

கேள்வி: மார்கரீட்டா என்பது ஓர் அரசியின் பெயர்தானா?

பதில்: 1889-இல் நேப்பிள்ஸுக்கு வந்த இத்தாலிய அரசி மார்கெரிட்டாவுக்கு ரஃபாயேல் எஸ்போசிட்டோ என்ற பீட்சா கலைஞர் இத்தாலியக் கொடியின் மூன்று நிறங்களிலும் செய்து கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. வரலாற்றாசிரியர்கள் சிலர் இதைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். இதே பொருள்கள் பீட்சாவின்மீது அதற்கு முன்பே இடம்பெற்றிருந்தன என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. அந்தப் பெயர் அரசியின் பெயர்தான். பீட்சாவே அவருக்காகப் பிறந்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

கேள்வி: அன்னாசிப்பழம் கேட்டதற்குச் சிரித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய குற்றமா?

பதில்: குற்றமே இல்லை. 1962-இல் கனடாவில் சாம் பனோப்புலோஸ் என்ற உணவக உரிமையாளர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த சேர்க்கை அது. ஆனால் அன்னாசியில் நீர் அதிகம். நீண்ட நேரம் வேகும் தடித்த பீட்சாவில் பொருந்துகிற அளவுக்கு விறகடுப்பின் மெல்லிய பீட்சாவில் அது பொருந்துவதில்லை. இந்தக் காரணத்தைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம், சிரித்தது தவறு.

கேள்வி: விறகுப் புகையால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லையா?

பதில்: உண்டு. நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள சான் விட்டாலியானோ என்ற சிற்றூரிலேயே, காற்று மாசு காரணமாக, வடிகட்டி பொருத்தாத விறகடுப்புகளுக்கு 2015-இல் தடை விதித்தார்கள். ஈரமில்லாத கெட்டி மரத்தை எரித்து, புகைபோக்கியில் வடிகட்டி பொருத்திய கடையில் தொல்லை பெருமளவு குறையும். வண்ணம் பூசிய பலகைகளையும் உடைந்த மரச்சாமான்களையும் எரிக்கிற கடைக்கு நான் போக மாட்டேன். அவற்றிலிருந்து வரும் நச்சுப்புகை படுகிற தளத்தில்தான் உணவும் வேகிறது.

கேள்வி: வீட்டுக்கு வாங்கிச் சென்றால் ஏன் சவசவத்துப்போகிறது?

பதில்: அட்டைப்பெட்டிக்குள் அடைபட்ட ஆவி மீண்டும் மாவிலேயே இறங்கிவிடுகிறது. வழியில் பெட்டியின் மூடியைச் சற்றே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் தரச் சொல்லுங்கள், வெட்டினால் சாறு வெட்டின் வழியே அடியில் இறங்கும். வீட்டில் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். அது விளிம்பை ரப்பராக்கிவிடும். கனமான வாணலியை எண்ணெயில்லாமல் காயவைத்து, மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, கடைசி அரை நிமிடம் மட்டும் மூடிவிட்டால், அடிப்பக்கம் மீண்டும் மொறுமொறுப்பாகும், சீஸும் இளகிவிடும்.