வாசகர் கேள்வி: சாயம் வெளுத்த பர்கண்டி

கே: மச்சான் பிரான்சிலிருந்து கொண்டுவந்து தந்த 2005 ஜெவ்ரே-ஷாம்பெர்டன் ரெட் ஒயின் பீரோவில் இருக்கிறது. வெளிச்சத்தில் பார்த்தால் எங்கள் ஊர் பன்னீர் திராட்சைச் சாறு போல அடர்த்தியாக இல்லை. வெளிறித் தெரிகிறது, அடியில் மண்டி வேறு. கெட்டுவிட்டதா?
– வாசகர், கம்பம்

ப: நிறத்தைப் பார்த்துக் கொட்டிவிடாதீர்கள். ஜெவ்ரே-ஷாம்பெர்டன் என்பது பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து ஊர். பர்கண்டி ரெட் ஒயினுக்கு பினோ நுவார் என்ற வகைத் திராட்சை. தோல் மெலிசு, புதிதிலேயே சாயம் குறைவு. 20 வருஷத்தில் ஓரம் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். சாயமும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து கட்டி, அடியில் இறங்கியதுதான் மண்டி. முழுக்கக் காப்பி நிறமாகிக் கலங்கியிருந்தால் சந்தேகப்படலாம்.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு. இந்த ஒயின் 12, 13 டிகிரியில் கிடக்க வேண்டியது. கம்பத்துக் கோடையில் பீரோ அடுப்புதான். கார்க் வாய்க்கு மேல் துருத்தியிருக்கிறதா, மூடித் தகட்டுக்குள் ஒயின் கசிந்து பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். பாட்டிலை நிமிர்த்தினால் கார்க்குக்குக் கீழே 2, 3 செ.மீ. இடைவெளி இந்த வயதுக்குச் சகஜம். 5 செ.மீ.க்கு மேல் போனால் காற்று புகுந்திருக்கலாம்.

திறப்பதற்கு முந்தைய நாளே நிமிர்த்தி வையுங்கள். பரிமாறும்போது 16 டிகிரி போதும்; ஃபிரிட்ஜில் சுமார் ஒன்றரை மணி நேரம் நிற்கட்டும். பழைய கார்க் உதிரும். திருகை நேராக, கடைசிவரை இறக்கி, அவசரப்படாமல் இழுங்கள். உடைந்தால் டீ வடிகட்டி இருக்கவே இருக்கிறது. ஜாடியில் ஊற்றி ஆறவிடுவது இளம் ஒயினுக்குச் சரி. இதில் அரை மணியில் மணம் ஓடிவிடும்.

வயிறு பருத்த கிளாஸில் 60 மி.லி. மட்டும் விட்டு, சுழற்றாமல் முதலில் முகருங்கள். காய்ந்த ரோஜா, காளான், மழைக்குப் பின் சருகு, பதப்படுத்திய தோல் வாடை என்றால் நல்ல முதிர்ச்சி. தொடக்கத்தில் அடைத்த அறை வாடை வந்து பத்து நிமிஷத்தில் போனால் கவலையில்லை. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் போகாது, நேரம் ஆக ஆகக் கூடும். அது கார்க் கோளாறு. காய்ச்சிய ஜாம் மணம் சூடு பட்டதற்கு அடையாளம், காடி நெடி புளித்ததற்கு.

வாயில் வைத்தால் எச்சில் ஊற வேண்டும், துவர்ப்பு பட்டாக இருக்க வேண்டும். விழுங்கியபின் பத்து எண்ணும்வரை மணம் நின்றால் மச்சானுக்கு நன்றி சொல்லலாம். புளிப்பு மட்டும் மிஞ்சினால் காலம் கடந்துவிட்டது. ஊற்றும்போது மண்டி பாட்டில் தோளுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கே: இப்படிப் பழைய பர்கண்டி ஒயினுக்கு மீன் குழம்பு ஒத்துவருமா?
– வாசகி, குமுளி

ப: வராது. புளியும் காரமும் இதை விழுங்கிவிடும். வெண்ணெயும் உப்பும் போட்டு வதக்கிய காளான், மிளகாய் படாத கோழி வறுவல் – இவை போதும்.