சுஷி பேக் தண்ணி விட்டுச்சுன்னா

சகோதரி, மண்டபம் ஊர் நண்டும் பொன்னி அரிசியும் போட்டுச் செஞ்ச சுஷி பேக்ல (ஜப்பான் சுஷியை உருட்டாம, தட்டுல பரப்பின சோத்து மேல நண்டுக் கலவை வச்சு ஓவன்ல சுடுறது) அடியில தண்ணி நின்னுச்சு, சோறு உதிர்ந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. வர்ற ஞாயிறு 15 பேருக்கு வேற செய்யணுமா!

தண்ணிக்குக் காரணம் நண்டுதான். முழுசா ஆவியில அவிச்சு, ஆறவிட்டு, சதையை உதிர்த்து வெள்ளைத் துணியில கட்டிப் பிழிங்க. அரைக் கிலோ சதைக்கு எனக்குக் கால் டம்ளர் தண்ணி வந்துச்சு. அதைக் கொட்டிடாதீங்க, ரசத்துக்கு ஆகும். அப்புறம்தான் மயோனைஸும் கிரீம் சீஸும் சேர்க்கணும்.

பொன்னி ஒட்டாது. ஜப்பான் அரிசி கிடைக்கலன்னா புதுப் பச்சரிசியைக் கொஞ்சம் குழைய வடிக்காம வேகவைங்க. 2 கப் அரிசிக்கு 3 மேசைக்கரண்டி வினிகர், 2 மேசைக்கரண்டி சீனி, 1 தேக்கரண்டி உப்பு. சூடா இருக்கும்போதே கலந்து, தட்டுல ஈரக்கையால அழுத்திப் பரப்புங்க. மேலே வறுத்த எள்ளும் நொறுக்கின நோரியும் (காகிதம் மாதிரி காயவச்ச கடல்பாசித் தாள்) தூவி, அதுமேல நண்டுக் கலவை. ஓவன்ல 200 டிகிரி செல்சியஸ்ல 15 நிமிஷம், மேல்பக்கம் அங்கங்க சிவந்தா போதும்.

நோரியை மட்டும் முன்கூட்டியே பிரிச்சு வச்சிராதீங்க. நம்ம கடக்காத்துல அஞ்சே நிமிஷத்துல நமுத்துரும். நமுத்தா தோசைக்கல்லுல ரெண்டு செகண்ட் காட்டுங்க. இங்க வளர்க்கிற கடல்பாசி இதுக்கு ஆகுமான்னு கேட்டிருந்தீங்க, ஆகாது, அது வேற சாதி.

கீழக்கரைப் பக்கம் சஹன்ல (பல பேர் சேர்ந்து சாப்பிடுற பெரிய தட்டு) சுத்தி உட்கார்ந்து சாப்பிடுவாங்கல்ல, அது மாதிரி தட்டை நடுவுல வச்சிருங்க. அவங்கவங்க கரண்டியில அள்ளி நோரியில மடிச்சுக்கட்டும்.