சின்னத் துப்பறிவாளர்கள்: வாசகர் கேள்வி, ஆசிரியர் குழு பதில்

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைகளுக்காகக் கொலை மர்மக் கதை ஒன்று எழுதுகிறேன். கொலை வேண்டாம், திருட்டாக மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். தொலைந்த நகை திரும்பக் கிடைக்கும், இறந்தவர் திரும்ப மாட்டார். கதையை இழுத்துச் செல்வதே இந்தக் கனம்தான், அதைப் பத்து வயதுப் பிள்ளை தாங்கும். வலியை நீட்டி எழுதுவதும் இரத்தத்தை விவரிப்பதும்தான் கூடாது. மரணம் கதைக்கு வெளியே நடந்து முடியட்டும். உடலைக் கண்டெடுக்கும் காட்சிக்கு நான்கைந்து வாக்கியம் போதும். கழன்று கிடக்கும் ஒற்றைச் செருப்பு, முகத்தை வருணிப்பதைவிட அதிகம் சொல்லிவிடும்.

இறந்தவர் பிள்ளைகளின் தாயோ தந்தையோ ஆக இருந்தால் அது துக்கக் கதையாகிவிடும், மர்மம் பின்னுக்குப் போய்விடும். எல்லோரும் வெறுக்கும் கொடியவராக இருந்தால், கொன்றவர் பிடிபட வேண்டும் என்ற தவிப்பே எழாது. பிள்ளைகளுக்கு ஓரளவு பழக்கமானவர், அவருக்காக அழ ஒருவராவது உண்டு என்ற தூரம் சரி. மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு மனிதர் இறந்ததையே எல்லோரும் மறந்துவிட்டுப் புதிர் போடுவது பல கையெழுத்துப் பிரதிகளில் காணும் பெரிய குறை.

கேள்வி: போலீஸ் இருக்கும்போது சிறுவர்கள் துப்பறிவதை எப்படி நம்பவைப்பது?

பதில்: இதற்கு விடை கிடைக்காமல் முதல் வரியை எழுதாதீர்கள். போலீசாரை முட்டாள்களாகக் காட்டுவது சுலபம், ஆனால் கதை அங்கேயே தளர்ந்துவிடும். கொலை நடந்ததே பெரியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், விபத்து என்று கோப்பை மூடியிருக்கலாம், பிள்ளைகளுக்கு வேண்டிய ஒருவர் தவறாகக் கைதாகியிருக்கலாம். சிறுவர் நாவலாசிரியர் ராபின் ஸ்டீவன்ஸ் எழுதி 2014-இல் வெளிவந்த முதல் நாவலான ‘மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்’கில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஆசிரியையின் உடலை ஒரு மாணவி பார்க்கிறாள். ஆள் அழைத்து வருவதற்குள் உடலைக் காணோம். உடலே இல்லாமல் யாரிடம் போய்ச் சொல்வது? விசாரணை அந்தச் சிறுமிகள் தலையில் இயல்பாக வந்து விழுகிறது.

அடுத்து, பிள்ளைகளால் முடியாதவற்றை ஒரு தாளில் எழுதி மேசை முன் ஒட்டிக்கொள்ளுங்கள்: வண்டி ஓட்ட முடியாது, பிரேதப் பரிசோதனை அறிக்கை கைக்கு வராது, தொலைபேசி அழைப்புப் பட்டியல் கிடைக்காது, இரவில் நினைத்த நேரம் வெளியே போக முடியாது. இவற்றில் ஒன்றை மீறினாலும் வாசிக்கும் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். பதிலுக்கு, பெரியவர்களுக்கு இல்லாத வசதிகள் அவர்களுக்கு உண்டு. மேசைக்கு அடியில் கிடப்பது அவர்கள் கண்ணில்தான் படும். ‘சின்னப் பிள்ளைதானே’ என்று அவர்கள் எதிரிலேயே பெரியவர்கள் எல்லாம் பேசுவார்கள். முக்கியத் தடயம் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னரின் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ (1929) என்ற சிறுவர் நாவல் கொலைக் கதை அல்ல, ஆனால் இந்தப் பாடத்துக்கு அதைவிடச் சிறந்த உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை. பணம் தொலையக் கூடாதே என்று சிறுவன் எமில் நோட்டுகளைச் சட்டைக்குள் ஊசியால் குத்தி வைக்கிறான். அப்படியும் ரயிலில் அது திருடுபோகிறது. கடைசியில் நோட்டிலிருக்கும் அந்தத் துளைகளே பணம் அவனுடையது என்பதற்குச் சாட்சி.

கேள்வி: குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

பதில்: இரண்டு முதல் நான்கு. ஐந்தாவது ஆள் வந்தால், உரையாடலில் யாராவது ஒருவர் வாயே திறக்காமல் நிற்பார்.

கேள்வி: தடயங்களை எப்படி ஒளித்துவைப்பது? ஒன்று, வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுகிறார். இல்லையென்றால் ஏமாற்றிவிட்டீர்கள் என்கிறார்.

பதில்: முதலில் தீர்வை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யார், ஏன், எப்படி, எப்போது, கொன்றவர் செய்த பிழை என்ன? பிறகு மரணம் நடந்த நேரத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் எங்கே இருந்தார் என்று அட்டவணை போடுங்கள். யார் எந்தக் கட்டத்தைப் பற்றிப் பொய் சொல்கிறார் என்பதை வேறு நிற மையில் குறியுங்கள். 30,000 சொற்களுக்குச் சந்தேக நபர்கள் நான்கைந்து பேர், உண்மைத் தடயங்கள் ஆறேழு, திசைதிருப்பும் தடயங்கள் மூன்று என்பது நல்ல அளவு. ஒவ்வொரு சந்தேக நபரிடமும் ஓர் இரகசியம் இருக்கட்டும். திசைதிருப்பும் தடயம் அந்த இரகசியத்துக்கு இட்டுச் சென்றால் வாசகர் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்.

ஒளிப்பதற்கு எளிய வழி, தடயத்தை இரண்டாக உடைப்பது. நூலகர் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் அத்தியாயத்தில், அவர் கையருகே திறந்து கிடக்கும் புத்தகம், சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, உடைந்த மேசை விளக்கு என்று வரிசையாகச் சொல்லுங்கள். கண்ணாடி நடுவில் இருக்க வேண்டும், ஏனென்றால் பட்டியலின் கடைசிப் பொருள்தான் மனத்தில் தங்கும். அடுத்த வரியிலேயே வாசலில் ஒரு சண்டை வெடிக்கட்டும். 8-ஆம் அத்தியாயத்தில், வேறு ஏதோ பேச்சில், கண்ணாடி இல்லாமல் அவரால் அட்டையில் உள்ள பெயரைக்கூடப் படிக்க முடியாது என்பது வரட்டும். அப்படியானால் அவர் புத்தகம் எடுக்க ஏறவே இல்லை, யாரோ காட்சியை ஜோடித்திருக்கிறார்கள். புத்தகம் இரவல் வாங்க வரும் பிள்ளைகளுக்குத்தான் இது தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது.

கொன்றவர் கதையின் முதல் கால் பகுதிக்குள் பேசியிருக்க வேண்டும். ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் இவ்வகைக் கதைகளுக்கு 1929-இல் வகுத்த பத்து விதிகளில் முதல் விதியே குற்றவாளி தொடக்கத்திலேயே அறிமுகமாக வேண்டும் என்பதுதான்.

எழுதி முடித்ததும், கடைசி இரண்டு அத்தியாயங்களை எடுத்துவிட்டு நான்கு பிள்ளைகளிடம் கொடுங்கள். நால்வரும் சரியான ஆளைச் சொன்னால் ஏதோ ஒரு தடயம் துருத்திக்கொண்டு நிற்கிறது. தீர்வைப் படித்த பிறகும் ‘அட, அது அங்கேயே இருந்ததே!’ என்று யாரும் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காவிட்டால், தடயமே இல்லை.

கேள்வி: குளோரோஃபார்ம் தோய்த்த கைக்குட்டை, கைரேகை இவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: கைக்குட்டை வேண்டாம். ஒரே மூச்சில் யாரும் மயங்கிவிழ மாட்டார்கள், தொடர்ந்து சில நிமிடம் சுவாசித்தாக வேண்டும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து, பிள்ளைகள் விளையாட்டாகச் செய்து பார்க்கவும் கூடும். விஷத்தின் அளவையும் இதே காரணத்துக்காகச் சொல்லாதீர்கள்.

கைரேகை நல்லது. கண்ணாடிக் குவளையில் கோகோ பொடியை மென்மையான தூரிகையால் தடவி, ஒட்டு நாடாவால் எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டலாம். ஆனால் ரேகை, தொட்டார் என்று மட்டுமே சொல்லும், எப்போது தொட்டார் என்று சொல்லாது. வீட்டுக்காரரின் ரேகை வீட்டுக் குவளையில் இருப்பது எதற்கும் சாட்சி அல்ல.

கேள்வி: கடைசியில் குற்றவாளியைப் பிள்ளைகள் நேருக்கு நேர் சந்திக்கலாமா?

பதில்: சந்திக்கலாம். அதற்கு முன் யாரிடமாவது விஷயத்தைச் சொல்லிவைத்திருக்க வேண்டும், அந்தச் செய்தி போய்ச் சேருமா என்பதுதான் பதற்றமாக அமைய வேண்டும். காரணகாரியத்தை விளக்குவது பிள்ளைகள், கைது செய்வது பெரியவர்கள். குற்றவாளி மூன்று பக்கம் தன் திட்டத்தை ஒப்பித்தால், பிள்ளைகள் கண்டுபிடித்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். அவர் வாயில் இரண்டு வரி போதும். கைதுக்குப் பின் சிறிய அத்தியாயம் ஒன்றை மிச்சம் வையுங்கள். நூலகம் மறுபடி திறக்கிறது, அந்த மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் இரவல் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது.